நெத்திலி சம்பல் என்றொரு நிறம்

டீச்சர்,

இன்றைக்கு ஓவிய அறையில் புது சார் உங்கள் டேப்லெட்டைத் திறந்து, நிறப்பெட்டியைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். முதல் கட்டத்துக்குக் கீழே 'நெத்திலி சம்பல்' என்று இருந்தது. அடுத்ததற்குக் கீழே 'வெயில் பட்ட செம்பனை ஓலை'. அதற்கும் அடுத்து, 'அம்மா கோபமாக இருக்கும்போது வைக்கிற ரசம்'. தமிழ் படிக்கத் தெரிந்த எங்கள் வரிசைதான் முதலில் சிரித்தது. பின்னால் இருந்த ஹக்கிம் என்னவென்று கேட்க, குகன் ஒவ்வொன்றாக மலாயில் மொழிபெயர்த்தான். அதற்கப்புறம் மொத்த வகுப்பும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது.

சார் நம்ம ஆள்தான், தமிழ் நன்றாகப் படிப்பார். ஆனால் சிரிக்கவில்லை.

"யாரோட வேல இது?"

யாரும் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிவிட்டது. இந்த ஸ்கூலில் குழாயில் தண்ணீர் வராவிட்டால்கூட முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். உங்களுக்குத் தெரியாததா?

"வெளையாட்டு! சரி, எல்லாத்தையும் அழிச்சிட்டு ஒழுங்கா வைக்கிறேன்" என்று சார் விரலைத் தூக்கினார்.

அந்த விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கட்டும் டீச்சர். உங்களிடம் பேசிவிட்டு வருகிறேன்.

நீங்கள் ஜித்ராவில் கணினிப் பயிற்சி முடித்து வந்த அன்று, டேப்லெட் பெட்டிகளை மேசைமேல் அடுக்கிவிட்டு, வீட்டுக்குள் நுழைந்த புதுப் பூனையைப் பழைய பூனை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "இனிமே ஓவியம் வரைய ஆளுக்கு ஒரு டேப்லெட்" என்றீர்கள். "சாப்பாட்டுக்கு முன்னாடியா டீச்சர், பின்னாடியா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. நீங்கள் காது கேட்காததுபோல இருந்துவிட்டீர்கள்.

மத்தியானம் உங்கள் மடிக்கணினியைத் திறந்தபோது, திரை முழுக்க ஒரு மாடு நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"யாருடா வால்பேப்பர மாத்துனது?"

"வாலு வச்சாதான டீச்சர் அது வால்பேப்பர்."

நீங்கள் சிரிக்கவில்லை. உதடு மட்டும் ஒரு பக்கமாகப் போய்விட்டுத் திரும்பி வந்தது. "மாட்ட எப்படிடா கொண்டாந்து கட்டுன?" என்று கேட்டீர்கள். காட்டினேன். "மறுபடி காட்டு" என்றீர்கள். மறுபடி காட்டினேன். "புதன்கிழம ஸ்கூல் விட்டதும் இங்க வர்ற. எனக்கு இந்த டேப்லெட்ட சொல்லிக் குடுக்கிற."

"இது தண்டனையா டீச்சர்?"

"யாருக்குன்னு போகப் போகத் தெரியும் லா."

நீங்கள் நீர்வண்ணக்காரர். பேசிக்கொண்டே தூரிகையைத் தண்ணீரில் முக்கி, டப்பா விளிம்பில் டிங் டிங் என்று தட்டிவிட்டு, தாளில் வைப்பீர்கள். டேப்லெட் பேனாவைப் பிடித்த பிறகும் அந்தக் கை பக்கத்தில் தண்ணீரைத் தேடும். கிடைக்காமல் காற்றில் துழாவும். பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்குப் பாவமாக இருந்தால் நான் என்ன செய்வேன் என்று ஊருக்கே தெரியும். ஒரு பழைய மைலோ டப்பாவில் தண்ணீர் பிடித்து உங்கள் வலது பக்கம் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

கடலைப் பாதி வரைந்தவர், மீதிக் கடலுக்காகப் பேனாவை முக்கினீர்கள். டிங் டிங். அப்புறம்தான் உறைத்தது.

"மாதாவே!"

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தீர்கள். பேனாவும் சாகவில்லை. டப்பாவை எடுக்கப் போனவனைத் தடுத்து, "இருக்கட்டும்டா. அது பக்கத்துல இருந்தா கை பயப்படாம இருக்கு" என்றீர்கள். அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் அந்த டப்பாவில் தண்ணீர் பிடித்து வைப்பது என் வேலையானது.

திரையில் வானத்தைப் பூசிவிட்டுக் குனிந்து ஊதுவீர்கள், காய்வதற்காக. "அது காயாது டீச்சர்." "காயாதுன்னா நான் எப்படா யோசிக்கிறது? காயறதுக்குக் காத்திருக்கும்போதுதான அடுத்து என்னன்னு யோசிப்பேன்?" அந்தக் காத்திருப்பு எந்தப் பொத்தானிலும் இல்லை.

ஆனால் என்னை அசர வைத்தது இதெல்லாம் இல்லை. வகுப்பு நடக்கும்போது ஏதாவது சிக்கிக்கொண்டால், எல்லாருக்கும் முன்னால், "எனக்குத் தெரியலடா, வந்து காட்டு" என்று கூப்பிடுவீர்கள். உள்ளே எதுவும் உடையாத குரலில், தாகமாக இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வீர்கள். இவ்வளவு பெரிய மனுஷி, தெரியலையாம், சொல்கிறாராம், வானமும் இடிந்து விழவில்லையாம். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏனென்றால் எனக்குத் தெரியாத ஒன்றை நான் தமிழ்ப்பள்ளியிலிருந்தே மறைத்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் வகுப்பில் ஒரு மரம் வரைந்து, இலைக்கெல்லாம் மண்நிறமும் தண்டுக்குப் பச்சையும் அடித்திருக்கிறேன். எனக்கு இரண்டும் சரியாகத்தான் தெரிந்தன. பக்கத்துப் பிள்ளை கத்த, வகுப்பு என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு குத்தியது. "மரம் சிரசாசனம் பண்ணுது டீச்சர்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அடுத்த சிரிப்பு குத்தவில்லை, தூக்கிவிட்டது.

அன்று பிடித்துக்கொண்டேன் வழியை. நிறம் தப்பும்போதெல்லாம் ஒரு பகிடி. குகனிடம் பழம் என்று காய் ரம்புத்தானைக் கொடுத்தது, கருநீலச் சட்டை போட வேண்டிய விழாவுக்கு ஊதாவில் போய் நின்றது, எல்லாம் என் சேட்டைக் கணக்கில் ஏறிவிட்டது. பாதிச் சேட்டை நான் செய்யவே இல்லை டீச்சர். கண் செய்தது. பேர் எனக்கு.

அப்பாவுக்கு எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டும் வேலை. பழுத்த குலையைக் கீழே நின்றபடியே நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவார். "தெரியுதா பாரு" என்பார். "நல்லாத் தெரியுதுப்பா" என்பேன்.

இது வெளியே தெரிந்தால் அவ்வளவுதான், சிரிக்க வைக்கிறவன் சிரிக்கப்படுகிறவன் ஆகிவிடுவேன் என்பதுதான் என் பயம். குருடன் என்று ஒரு பேர் வந்து ஒட்டிக்கொண்டால் எந்தப் பகிடியாலும் உரிக்க முடியாது.

அப்புறம் நீங்கள் தஞ்சோங் டாவாய் படகுத்துறையைப் படம் பிடித்து வந்தீர்கள். படகுகள், காயப்போட்ட நெத்திலி, ஈரப் பலகை. அதைப் பளிச்சென்று ஆக்கப் போய் எதையோ அமுக்கி, முழுப் படமும் கறுப்பு வெள்ளையாக மாறி, அப்படியே எல்லா டேப்லெட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"டீச்சர், கலரெல்லாம் எங்க?"

"தெரியலடா, எங்கயோ போய்டுச்சு. டேய் வாலு, திருப்பிக் கொண்டா."

ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். திரையைப் பார்த்தேன். "ஒருதடவ போனா போனதுதான் டீச்சர்" என்றேன்.

அந்த ஒரு வகுப்பில் யாருக்கும் சிவப்பு எது, பச்சை எது என்று தெரியவில்லை. குகனும் ஹக்கிமும் முனகிக்கொண்டே வரைந்தார்கள். நான் முனகவில்லை. பலகையில் ஈரம் எங்கே மின்னுகிறது, படகின் அடியில் இருட்டு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது, எல்லாம் என்னிடம் தானாக வந்தது. ஒரு பகிடிகூடச் சொல்லவில்லை. "காய்ச்சலா லா உனக்கு?" என்று குகன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். உங்கள் காப்பி வாசம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அப்புறம்தான் நகர்ந்தது.

அடுத்த புதன்கிழமை நீங்கள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

"நிறத்த திருப்பிக் கொண்டாரலாம்னு நானே கண்டுபிடிச்சிட்டேன். உனக்கு அது தெரியாம இருக்காதே?"

நான் டப்பாவில் தண்ணீர் பிடிக்கப் போவதுபோல நழுவப் பார்த்தேன். "உக்காரு" என்றீர்கள். திரையில் இரண்டு படங்கள் இருந்தன. எங்கள் எஸ்டேட் ரோட்டோரத்தில், எண்ணெய் ஆலை லாரிக்காகக் குவித்து வைத்த செம்பனைக் குலைகள்.

"ஒண்ணு நான் எடுத்த மாதிரியே இருக்கு. இன்னொண்ணுல ஒரு வேல செஞ்சிருக்கேன். எதுல?"

பெரிதாக்கிப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். "ரெட்டப் பிள்ளைங்க டீச்சர், பெத்தவங்களத்தான் கேக்கணும்" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. காத்திருந்தீர்கள், வண்ணம் காய்வதற்குக் காத்திருப்பதுபோல.

"தெரியல டீச்சர்."

பகிடி வால் ஒட்டாமல் நான் சொன்ன முதல் 'தெரியல' அதுதான்.

"சில பேருக்குச் செவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாதுடா. அவங்க கண்ணுக்கு ஒரு படம் எப்படி இருக்கும்னு காட்டற வழி ஒண்ணு இதுல இருக்கு. தேடிக் கத்துக்கிட்டேன்."

என்னிடம் கேட்காமல் கற்றுக்கொண்டீர்கள். படத்தைச் சேமிக்கவே என்னைக் கூப்பிடுகிறவர், பாக்கார் ஆராங்கில் இருக்கிற உங்கள் வீட்டில் தனியாக உட்கார்ந்து, தட்டித் தடவி, தப்பான கதவெல்லாம் திறந்து பார்த்து, என் கண்ணுக்குள்ளே வந்து நிற்க ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் யாரும் வந்ததில்லை டீச்சர். வர முடியும் என்றே எனக்குத் தெரியாது.

அந்த இரண்டாவது படத்தை உங்கள் பக்கம் திருப்பிப் பார்த்தீர்கள். இப்போது 'பாவம்' என்று சொல்லப் போகிறீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நீங்கள் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனீர்கள்.

"இந்தச் செவப்பு போனதும் பாரேன்... அடியில கிடக்கிற நெழலெல்லாம் எப்படி எழுந்து வருது. இவ்ளோ நாளா நான் இத பாக்கவே இல்லையே." கோயிலில் பேசுகிற குரல் அது. எனக்காகச் சொன்னதே இல்லை. நிஜமாகவே பிரமித்துப் போயிருந்தீர்கள், என் கண்ணில் உட்கார்ந்து.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்" என்றேன்.

"நான் ஏன் சொல்றேன்? அது உன்னோடது. சொல்லணும்னு தோணுறப்ப நீதான் சொல்லணும்."

சொல்லவில்லை நீங்கள். அதற்குப் பதிலாக உங்கள் டேப்லெட்டிலும் என்னுடையதிலும் மட்டும் அந்த நிறப்பெட்டியைச் செய்தீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்னிடம் கேட்டுக் கேட்டுப் பேர் எழுதினீர்கள். "செவப்புன்னு எழுதுனா உனக்கு அது வெறும் சத்தம். சம்பல்னு எழுதுனா அந்தக் காரம் நாக்குக்காவது தெரியுமில்ல?" அப்புறம் நான் எந்த நிறத்திலும் தப்பவில்லை. 'பசியாற வாங்கின ரொட்டி கருகினது' எங்கே வைக்க வேண்டும், 'ஊதாவா நீலமா சண்ட' எங்கே வைக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது.

நீண்ட விடுமுறையில் உங்களுக்குக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரி என்றார்கள். அதற்கப்புறம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு வரச் சொன்னார்கள். உங்களைச் சுற்றி நிறையப் பூ இருந்தது. என்ன நிறம் என்று எனக்குத் தெரியவில்லை. பூவுக்கு அடியில் இருந்த நிழலையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைக் கிள்ளிவிட்டு, "ஏதாவது சொல்லு லா, தாங்க முடியல" என்றான் குகன். திரும்பவும் அந்த நிழலையே பார்த்தேன்.

சரி. சாரின் விரலுக்கு வருவோம்.

விரல் கீழே இறங்கியது. 'ஆமா சார், நான்தான், சும்மா ஒரு பகிடி' என்று சொன்னால் ஒரு திட்டோடு போயிருக்கும். வகுப்பு சிரித்திருக்கும். உங்கள் நிறங்கள் போயிருக்கும்.

"அழிக்காதீங்க சார்!"

எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

"டீச்சர் எனக்காக வச்ச பேரு சார் அதெல்லாம். எனக்குச் செவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாது." ஹக்கிமும் மற்றவர்களும் விழித்ததைப் பார்த்து, மலாயிலும் ஒருமுறை சொன்னேன். சொல்வதென்று ஆன பிறகு யாருக்கும் விட்டுப்போகக் கூடாது இல்லையா?

வகுப்பு காத்திருந்தது. பகிடியின் மீதி வரும் என்று.

"அப்புறம்?" என்றான் குகன்.

"அப்புறம் ஒண்ணும் இல்லடா. அவ்ளோதான்."

குகன் நெற்றியைச் சுருக்கினான். "டேய்... அப்ப அந்த ரம்புத்தான்?"

"பழம்னுதான்டா நெனச்சேன்."

"அடப்பாவி! வேணும்னே குடுத்தன்னு உன்கூட எத்தன நாளு பேசாம இருந்தேன்! சொல்லியிருக்கலாம்ல லா!" அவன் குரல் கோபம்போலக் கிளம்பி எங்கேயோ பாதியில் உடைந்தது. ஒருவர்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை டீச்சர். இத்தனை வருஷம் நான் வைத்திருந்த பயம் அவ்வளவு பெரிய வகுப்பில் உட்கார ஓர் இடம் கிடைக்காமல் போய்விட்டது.

சார் விரலை எடுத்துவிட்டார். "சரி, இதையே வச்சுக்குவோம்" என்றார். கொஞ்ச நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஹக்கிம், தன் படத்துக்கு நெத்திலி சம்பல் போதுமா, இன்னும் கொஞ்சம் ஊற்றலாமா என்று குகனிடம் கேட்டான். "காரம் பத்தல, ஊத்து" என்றான் குகன். அதற்கப்புறம் மணி அடிக்கும்வரை அந்த அறையில் சிவப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்றுதான். என் மேசையில் வலது பக்கம் மைலோ டப்பாவை வைத்திருந்தேன், தண்ணீரோடு, வழக்கம்போல. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. படகின் அடியில் நிழலைப் போட்டுவிட்டு, அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சார், "டேய்! டேய்! என்னடா பண்ற!" என்று ஓடி வந்தார்.

குனிந்து பார்த்தேன். பேனா தண்ணீருக்குள் இருந்தது. எடுத்தேன். சத்தியமாகச் சேட்டை இல்லை டீச்சர், கை தானாகப் போனது. விளிம்பில் டிங் டிங் என்று தட்டிவிட்டு, மீதிக் கடலை வரையப் போனது.