கை நனைக்காதவள்

ஜூன் 3
குணம் பார்க்கும் தேர்வில் என் முடிவு வந்துவிட்டது. பொறுமை – நிறைய. பிடிவாதம் – அதைவிட நிறைய. கனிவு – குறைவு. ஆரப்பாளையம் அலுவலகத்தில் எங்கள் தலைவர் சிவபாண்டி சார் எல்லோர் முன்னாலும் வாசித்தார். "சுபலட்சுமி, சமூகப் பணிக்கு மொகந்தாம்மா மொதல்ல வேணும். ஒன்னப் பாத்தா கரண்ட புடுங்க வந்த ஆளு மாதிரி இருக்கு. ஜூலை வரைக்கும் பாப்போம்."
ஜூலையில் அனுப்பிவிட்டால்? பயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 7
கூட வேலை பார்க்கும் திவ்யாவுக்குக் கனிவில் முழு மதிப்பெண். நியாயம்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கதை சொன்னாலே அழுதுவிடுகிறாள்.

ஜூன் 13
எழுமலை போனோம். முத்துச்செல்வி, பதினாறு வயது. பள்ளி திறந்தும் போகவில்லை. தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் போகிறார்கள். பேசி நிறுத்துவது எங்கள் வேலை.
அவள் அம்மா ராமக்காள் எங்களைப் பேசவே விடாமல் இலையைப் போட்டுவிட்டார். கோழிக்குழம்பு. திவ்யா உட்கார்ந்தாள். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டாள். நான் வேண்டாம் என்றேன். "இம்புட்டுத் தண்ணியாச்சும்?" அதுவும் வேண்டாம். கொள்கை எல்லாம் இல்லை. புது வீட்டில் எனக்கு எதுவும் இறங்காது, சின்ன வயதிலிருந்தே.
கிளம்பும்போது ராமக்காள் திவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கை நனைச்சிட்டீக, சம்மதம்னு ஆயிருச்சு. ஆவணியில கல்யாணம், வந்துருங்க."
சம்மதமில்லாத வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. ஊரறிந்த விஷயம். திவ்யா உசிலம்பட்டிக்காரி, அவளுக்குத் தெரியாதா? "எலையப் போட்ட பெறகு எப்புடிடி வேணாங்கிறது?" பஸ்ஸில் அதற்கும் அழுதாள்.

ஜூன் 14
ராமக்காள் சாருக்குப் போன் செய்திருக்கிறார். "எங்க வீட்டுத் தண்ணின்னா அந்தப் புள்ளைக்கு எளப்பமா?"
இது சுருக்கென்று தைத்தது. சத்தியமா நான் அப்படி நெனைக்கல. யார்கிட்ட போய்ச் சொல்றது?
சார் ஒன்றே ஒன்று சொன்னார்: "கனிவு கொறவுன்னு அப்பவே வந்துச்சு."

ஜூன் 24
காலையில் முத்துச்செல்வி போன் செய்தாள். "மேடம், வெள்ளிக்கிழமையே கல்யாணத்த வச்சுட்டாக. எனக்கு வேணாம். படிக்கணும்."
ரெண்டு பேருமே நம்பர் கொடுத்தோமே, ஏன் என்னைக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். (கேட்கிற நேரமா அது?)
"அந்த மேடம் சாப்ட்டாக. நீங்க மட்டுந்தான் கை நனைக்கல."
புது வீட்டில் எதுவும் இறங்காத என் வயிற்றை நம்பி ஒரு பெண்! அதை அவளிடம் சொல்லவில்லை. குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தகவல் சொன்னேன்.

ஜூன் 25
அதிகாரிகளோடு முத்துச்செல்வி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். ராமக்காள் திட்டினார், அழுதார், மண்ணை வாரித் தூற்றினார். நான் நகரவில்லை. பொறுமை – நிறைய. பொழுது சாய்வதற்குள் கல்யாணம் நின்றது.

ஜூலை 31
வேலையை உறுதி செய்துவிட்டார்கள். "மொகத்த மட்டும் மாத்திராத" என்றார் சார். மாற்றத் தெரிந்தால் அல்லவா?

ஆகஸ்ட் 10
மறுபடி எழுமலை. முத்துச்செல்வி பள்ளிக்குப் போகிறாள். ராமக்காள் என்னைப் பார்க்காமலே வாசலைப் பெருக்கினார். பிறகு இலையைப் போட்டார். "இப்பவாச்சும் கை நனைப்பீகளா?"
"எதுக்குச் சம்மதம்னு சொல்லுங்க."
மகளைப் பார்த்தார். "ப்ளஸ் டூ முடிக்கட்டும்."
குழம்பில் காரம் அதிகம். இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.