பட்டிமன்றத்தில் மாற்றிய சீட்டு

சென்னை
12.9.2003

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? நான் நலம். ஹாஸ்டல் சாம்பார்தான் கவலைக்கிடம்.

கல்லூரியில் பட்டிமன்றம் வைத்தார்கள். அரசு கடனைக் குறைப்பது நாட்டுக்கு நன்மையா, தீமையா? குலுக்கலில் எனக்கு 'நன்மை' வந்தது. கடனைக் குறைக்கத்தானே ஆள் எடுப்பதை நிறுத்தி, டீச்சர் டிரெயினிங் முடித்த சுபா அக்காவை இரண்டு வருடமாக வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள்? அதை நன்மை என்று நான் எப்படிப் பேசுவது? எதிரணியில் பேச இருந்த நண்பன் காமில் டீ குடிக்கப் போன நேரத்தில், என் சீட்டை வைத்துவிட்டு அவனுடைய 'தீமை' சீட்டை எடுத்துக்கொண்டேன்.

மேடையில், "வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தா எங்க ஊரு செந்துறைக் கடையில செலவு பண்ணுவாரு, கடைக்காரரு வரி கட்டுவாரு. வேலையே கொடுக்காம எப்படிங்க கடன் அடையும்?" என்றேன். நல்ல கைதட்டல். நடுவரோ, "வட்டிக்கே வருமானம் போயிடுதே தம்பி" என்று காமில் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தோற்றது நான், தப்பு நடுவருடையது.

அடுத்த மாதம் மறுபடி மோதுகிறோம். நம் ஊர்ப் பள்ளியில் எத்தனை வகுப்புக்கு ஆசிரியர் இல்லை என்று அக்காவையே எழுதச் சொல்லுங்கள். கொஞ்சம் பருப்புப்பொடியும் வேண்டும்.

மெஸ் மணி அடிக்கிறது. அக்கா கடிதம் நாலு பக்கத்துக்குக் குறையக்கூடாது. சிக்கனத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் மகன்
ஜூட்