தராசில் மாட்டிய பை

அம்மா, உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? கொரோக்காவில் குளிர் குறைந்ததா? மலைமேல் நான் சௌக்கியம். மூன்று வேளையும் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான்.

நேற்றுக் காலை ஊர்க் குழந்தைகளுக்கு எடை பார்த்தேன். இங்கேயும் குழந்தையைப் பின்னல் பையோடு தராசில் மாட்டி, பையின் எடையைக் கழித்துக்கொள்வோம். வரிசையில் கடைசியாக ருத்தி வந்தாள். ஜூனில் இறந்துபோன அவள் மகனுக்குக் கடைசித் துணி சுற்றியவள் நான்தான். அவள் கையில் இருந்தது வெறும் பை.

"மாட்டுங்க சிஸ்டர்."

நான் தயங்கினேன். பிரசவம் பார்க்கும் யாசி அதட்டினாள். "சீக்கிரம் மாட்டும்மா, அழப்போறான். உனக்குக் காய்ச்சல்னு போன மாசம் நான்தானே இவனுக்கு எடை பாத்தேன், அட்டையில இருக்கு பாரு."

அட்டையில் ஐந்தரை என்று எழுதியிருந்தது. மாட்டினேன். பையைக் கழித்து முள் ஆறு கிலோ காட்டியது. கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் பை சூடாக இருந்தது.

"கடலை விழுது பாக்கெட் கொடுங்க சிஸ்டர்," என்றாள் ருத்தி. "அதுலதான் தேறிட்டு வர்றான்."

கொடுத்துவிட்டேன். தராசு பழசு, வேறொன்றுமில்லை. நீங்கள் கவலைப்படாதீர்கள்.

எனக்கென்று பின்னும் பையை இப்போது அனுப்ப வேண்டாம். மீன் டப்பா நாலும், நீங்கள் போர்த்திய பழைய போர்வையும் போதும். போர்வையைத் துவைக்காமலே அனுப்புங்கள்.

விமானம் இறங்கிவிட்டது, கடிதத்தைக் கொடுக்க ஓட வேண்டும். எல்லா அட்டைகளையும் இரண்டு முறை பார்த்துவிட்டேன் அம்மா. இந்த மாதம் ஊரில் எடை ஏறிய குழந்தை அவன் ஒருவன்தான்.

உங்கள் டோரிகா