என் கையெழுத்துக்கு முத்திரை

அன்புள்ளவளுக்கு,

நீ அனுப்பிய விவாகரத்துப் பத்திரம் வந்து சேர்ந்தது.

நம் ஊர் சால்தோ கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தவனை, ‘மூணே வருஷம், அப்புறம் தூதர் பதவி’ என்று ஆசை காட்டி, இந்தப் பேய்க்காற்று அடிக்கிற அயல்நாட்டுத் துறைமுகமான புந்தா அரேனாஸுக்குத் துணைத் தூதராக அனுப்பினார்கள். பதினோரு வருஷமாக மாலுமிகளின் பத்திரங்களில் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறேன். ‘கேஸ்ல தோத்துட்டு வந்தாலும், சாயங்காலம் என்கூட மாத்தே டீ குடிக்க வர்ற வக்கீல் போதும் எனக்கு’ என்று அன்றே சொன்னாய். கேட்டேனா?

கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பச் சொல்கிறார் உன் வக்கீல் எச்செவெரி. சட்டம் தெரியாத மடையன்! வெளிநாட்டில் போடுகிற கையெழுத்து தூதரக முத்திரை இல்லாமல் செல்லாது. இந்த ஊரில் உருகுவேக்காரர்களின் கையெழுத்துக்கு முத்திரை வைக்கிறவன் நான் ஒருவன்தான். என் கையெழுத்துக்கு நானே வைக்கக் கூடாது. ஊருக்கு நேரில் வந்துதான் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். பேனா கொண்டுவர மாட்டேன்.

உன் பழைய வக்கீல்