வெளுக்காத முகம்

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

போட்டோக் கடையில் சின்னச் சண்டை, பயப்படாதே. துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர், இறந்துபோன கணவரின் கறுப்பு வெள்ளைப் படத்தை அச்சிடக் கொடுத்தார். முதலாளி, "கலர் மையிலயே போட்டு மூஞ்சிய வெளுப்பாக்கு. இவங்களுக்கு அது போதும்" என்றார். கலர் மை கலந்தால் கறுத்த முகத்தில் பச்சை படியும். நான் கறுப்பும் மூன்று சாம்பல் மைகளும் உள்ள விலையுயர்ந்த பிரிண்டரில் போட்டேன். முகத்தை வெளுப்பாக்கவில்லை.

"யாரைக் கேட்டு அதைத் தொட்ட?" என்று முதலாளி கத்தினார்.

"கத்தாதீங்க சார், இதான் அவரு நெறம். கல்யாணப் படத்துலகூட வெளுப்பாக்கிட்டாங்க" என்றார் அக்கா. அவருக்குப் பின்னால் நின்ற இன்னொரு வாடிக்கையாளர், "எங்கம்மா படத்தையும் இந்த மையிலயே போடுங்க" என்றார். முதலாளி அந்தப் படத்தையும் வாங்கி என்னிடம் நீட்டினார். என் வேலை போகாமல் தப்பியது.

என் அறைச் சுவர் காலியாக இருக்கிறது. உன் படம் ஒன்று அனுப்பு. பவுடர் பூசாதே. முதலாளி கூப்பிடுகிறார்.

உன் மகன்