ஏழு நிமிட மௌனம்

பர்னி, அக்டோபர் 24, செவ்வாய்

நெவில் வந்து வானொலி நிலையத்துக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுவிட்டுப் போனான். விவாகரத்தில் வீடு எனக்கு, நாய் அவனுக்கு, இந்தப் பைத்தியம் மட்டும் இருவருக்கும் பொது. இனி சுவரொட்டி கிம்ப்பில், ஒலிப்பதிவு அடாசிட்டியில், கடிதம் லிப்ரே ஆபீஸில். எல்லாம் இலவசம். மேலாளர் கோலின் கறி அடைத்த மீட் பையை மென்றுகொண்டே, "சும்மா குடுக்கிறவன் எதுக்குக் குடுக்கிறான், க்ளெனிஸ்?" என்றான். பதில் சொல்ல நெவில் வாயைத் திறந்தான். நாற்பது நிமிடம் மூடவில்லை.

அக்டோபர் 28, சனி

என் காலை நிகழ்ச்சியில் இரண்டு முறை சத்தம் நின்றது. லினக்ஸ் பாவம், தப்பான பொத்தானை அமுக்கியது நான். கோலின் கத்தினான்: "இன்னொரு தடவை நின்னுச்சுன்னா உன் சனிக்கிழமையை நாய்ப் பந்தய ஒலிபரப்புக்குக் குடுத்துடுவேன்!"

பதினோரு வருட நிகழ்ச்சி. நாயிடம் தோற்பதா?

நவம்பர் 4, சனி

ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போரடிக்கிறது.

நவம்பர் 10, வெள்ளி

அப்டேட் போட்டேன். ஏன்? வேலை செய்கிற ஒன்றைப் பார்த்தால் எங்கள் லினக்ஸ் கூட்டத்துக்குக் கை அரிக்கும். நெவிலிடம் போனில் சொன்னேன். "நாளைக்கு நிகழ்ச்சியை வச்சுக்கிட்டு இன்னைக்கு எவளாவது அப்டேட் போடுவாளாடி?" என்றான். பிறகு மெதுவாக, "புதுசுல என்ன இருக்கு?" என்று கேட்டான்.

சோதித்துப் பார்த்தேன். பாட்டு அருமையாகக் கேட்கிறது.

நவம்பர் 11, சனி

கடவுளே.

காலை பதினொரு மணி. போரில் செத்தவர்களுக்காக ஊரே ஒரு நிமிடம் வாய்மூடி நிற்கிற நேரம். எக்காளம் ஒலிபரப்பினேன், ஒரு நிமிடம் விட்டேன், அடுத்த பாட்டை அமுக்கினேன். திரையில் ஒலியளவு ஊசி குதிக்கிறது. சத்தம் இல்லை. மைக்கும் செத்துவிட்டது. மேஜைக்கடியில் புகுந்து கேபிளைப் பிடுங்கிச் செருகி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு... மொத்தம் ஏழு நிமிடம்.

கோலின் உள்ளே வந்தான். போச்சு, நாய்தான் என்று நினைத்தேன். அவன் கண் சிவந்திருந்தது. "காரை ஓரமா நிறுத்திட்டேன், க்ளெனிஸ். ஒரு நிமிஷம்னா கையைக் கட்டிட்டு நின்னுட்டுப் போயிடுவோம். ஏழு நிமிஷம்... போர்ல போன என் அண்ணன் ஞாபகம் வந்துருச்சு."

நான் "ம்ம்" என்றேன். வேண்டுமென்றே விட்டதாக நினைக்கிறான், நான் திருத்தவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

முன்னாள் படைவீரர் சங்கம் பாராட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. கோலின் அதைச் சுவரில் ஒட்டிவிட்டான்.

கோளாறு பிடிபட்டது. ஒரு நிமிடம் சத்தமே இல்லாவிட்டால் ஒலி அட்டை தூங்கப் போகிறது, புதிய பதிப்பில் எழுப்பினால் எழுவதில்லை. ஓயாமல் பேசுகிற வானொலியில் இது எப்படித் தெரியும்?

அந்த ஒலி நிரலைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு எஸ்டோனியாக்காரர். எப்போது, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தாய், கோளாறுகளைப் பதிகிற பொதுப் பக்கத்தில் விவரமாக எழுது என்கிறார். நெவில், "பழைய பதிப்புக்குப் போயிட்டுக் கம்முனு இரு" என்கிறான். இருக்கலாம், எழுதினால் அந்த ஏழு நிமிடம் கோளாறு என்று கோலினுக்கும் தெரிந்துவிடும். ஆனால் இதே நிரலை நம்பி எத்தனை பேர் ஓட்டுகிறார்களோ. எவனோ முகம் தெரியாதவன் தன் கோளாறை மறைக்காமல் எழுதி வைத்ததால்தானே என் கம்ப்யூட்டரே ஓடுகிறது?

நவம்பர் 16, வியாழன்

எழுதிவிட்டேன், சொந்தப் பெயரில். "மௌனம் ஒரு நிமிடம்தான் திட்டம். மீதி ஆறு உங்கள் உபயம்."

அவனாகப் படிப்பதற்கு முன் கோலினிடம் போய்ச் சொன்னேன். கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"நான் அழுதேன், க்ளெனிஸ்."

"தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

நவம்பர் 25, சனி

பத்து மணிக்கு நாய்கள் ஓடின. என் நேரம் இனி வியாழன் மதியம். கோலின் சொன்ன சொல் மாறாதவன், எருமை.

எஸ்டோனியாக்காரரின் திருத்தம் வந்துவிட்டது. ஒன்பதே வரி. பந்தயம் முடிந்ததும் நிலையத்துக்குப் போய்ப் போட்டு, ஒரு நிமிடம் சும்மா விட்டு அமுக்கினேன். பாட்டு வந்தது. லினக்ஸ் இருக்கட்டும் என்று கோலின் தலையாட்டினான். அந்தக் கடிதமும் சுவரிலேயே இருக்கிறது.

கிளம்பும்போது கதவருகே நின்றான். "அடுத்த நவம்பர் பதினொண்ணு நீதான் பண்ணணும்."

"ஒரு நிமிஷம்தானே? இனிமே நிக்காது."

"இல்ல. ஏழு வை. வேணும்னே."