அண்ணனின் இடப்பக்கம்

நவம்பர் 3, 2025

தூறல். ஜமுனாமரத்தூர் கண் மையத்தில் கூட்டம் குறைவு. கண்ணழுத்தம் பார்க்கும் மெஷினை மையத்தை நடத்தும் தேவயானி மேடம் இன்று என்னிடமே விட்டுவிட்டார். கண்ணில் லேசாகக் காற்றடிக்கும், அளவு வரும். கண் பரிசோதனைப் படிப்பான ஆப்டோமெட்ரியில் சேராமல் ஒரு வருஷம் உதவியாளர் வேலைக்கு ஏன் போனாய் என்று அம்மா இன்னும் கேட்கிறாள். வாழ்நாளெல்லாம் செய்யப்போகிற வேலை. பிடிக்குமா என்று முதலில் பார்க்க வேண்டாமா?

பிடித்திருக்கிறது.

நவம்பர் 9

சாப்பிடும்போது கருப்பன் அண்ணன் இடப்பக்கம் இருந்த சொம்பைத் தட்டிவிட்டான். "இத இங்க யாரு வெச்சது?" என்று சீறினான். அம்மா எப்போதும் அங்கேதான் வைப்பாள்.

நவம்பர் 14

அண்ணன் ஓட்டும் பள்ளிக்கூட வேனில் இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. மரம் உரசிவிட்டதாம். போன மாதம் பக்கத்து வீட்டுத் திரௌபதி அக்காவின் ஆடு அடிபட்டது. "குறுக்க வந்துச்சு" என்றான். ஆடு ஓரமாகத்தான் நின்றது என்கிறாள் அக்கா.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன்?

நவம்பர் 16

விளையாட்டு மாதிரி அண்ணனை எதிரே உட்காரவைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் மூக்கையே பார்க்கச் சொன்னேன். பக்கவாட்டிலிருந்து என் விரலை மெதுவாக உள்ளே கொண்டுவந்தேன். தெரிந்ததும் சொல்ல வேண்டும். விரல் எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அவன் பேசவில்லை. விரல் அவன் கன்னத்தைத் தாண்டியது.

"இன்னாடி, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றான்.

நவம்பர் 19

கெஞ்சி மையத்துக்கு அழைத்துப்போனேன். கண்ணழுத்தம் இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். தூசி அரிப்புக்கென்று மெடிக்கல் கடையில் தானாகவே வாங்கி வருஷக்கணக்காக விட்டுக்கொண்ட ஸ்டீராய்டு சொட்டு மருந்தின் வேலை. "போன ஓரப்பார்வை திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்தலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வண்டி ஓட்டவே கூடாது" என்றார் மேடம்.

"கடைசி வரி வரைக்கும் படிச்சேனே மேடம், இன்னா கொற?"

திரும்பும் வழியில் என்னிடம் சொன்னான். "வெளிய மூச்சு வுட்டே, நீ என் தங்கச்சியே இல்ல."

நவம்பர் 21

மூடுபனி. வேன் நிறையப் பிள்ளைகளோடு போனான்.

நவம்பர் 24

வேன் முதலாளி ஜீவானந்தத்திடம் போய், அண்ணனைக் கொஞ்ச நாள் ஓட்டவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். சிரித்தார். "கண்ணக் கட்டிவுட்டாக்கூட கருப்பன் இந்த மலையில ஓட்டுவாம்மா. அரையாண்டு முடியட்டும், பாக்கலாம்."

பாக்கலாமா? எதைப் பாக்கறது? நோயாளி விஷயம் வெளியே போகக்கூடாது. வேலையில் மேடம் சொன்ன முதல் பாடம். சொன்னா வேலை போகும், அண்ணன் போவான். சொல்லலன்னா—

நவம்பர் 25

சொல்லிட்டேன்.

காலையில் பிள்ளைகள் ஏறும் இடத்தில் வேனுக்கு முன்னால் போய் நின்றேன். "அண்ணனுக்குப் பக்கத்துல வர்றது தெரியாது. புள்ளைங்கள ஏத்தாதீங்க!" ஹாரன் அடித்தான். நான் நகரவில்லை. திரௌபதி அக்காதான் முதலில் தன் மகளைக் கீழே இழுத்தாள். பிறகு எல்லோரும். அவன் இறங்கவில்லை. முன் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தான். நேர் எதிரே நின்றதால் நான் மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருப்பேன்.

நவம்பர் 26

மேடத்திடம் நானே சொல்லிவிட்டேன். கையிலிருந்த ஃபைலை மூடிவைத்தார். "மேல கேக்கணும் செந்தாமரை. அதுவரைக்கும் பேஷண்ட்டத் தொடாத. பதிவு கவுண்ட்டர்ல உக்காரு."

நவம்பர் 30

அண்ணன் வீட்டுக்கு வருவதில்லை. கலசப்பாக்கத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறானாம். அங்கே யாருக்குத் தெரியும்? அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. போன் செய்தால் எடுப்பதில்லை.

"அவன வூட்ட வுட்டுத் தொரத்திட்டியே" என்றாள் அம்மா.

டிசம்பர் 12

டிராக்டர் வாய்க்காலில் கவிழ்ந்தது. ஓரமாகச் சைக்கிளில் போனவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உயிர் இருக்கிறது. அண்ணனுக்குத் தோளில் அடி.

அங்கேயும் போய்ச் சொல்லியிருக்கணும். ஏன் போகல?

டிசம்பர் 29

மேலிருந்து பதில் வந்தது. எச்சரித்து, வேலையில் தொடரலாம் என்று. கோடையில் ஆப்டோமெட்ரிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார் மேடம். தலையாட்டினேன்.

பதினோரு மணி இருக்கும். என் கவுண்ட்டர் வரிசையில் அண்ணன். தோளில் கட்டு. தனியாக வந்திருந்தான். எல்லோரிடமும் கேட்பதுபோலவே கேட்டேன்.

"பேரு?"

"கருப்பன்."

"என்ன தொந்தரவு?"

மேசையைப் பார்த்தபடியே சொன்னான்.

"பக்கத்துல எதுவும் தெரியலீங்க."